விசிறி வைத்த இயந்திரம்

புதுச்சேரி, 1913

பிப்ரவரி 3, திங்கள்

பட்டறைக்கு இன்று புது ஆள் வந்திருக்கிறான். பெயர் கோதண்டம். மதராஸ் ரயில் பட்டறையில் பதினைந்து வருஷம் ஃபிட்டராக இருந்தவனாம். அப்படிப்பட்ட வேலையை விட்டுவிட்டு பிரெஞ்சுக்காரன் ஊருக்கு ஒருவன் ஏன் வர வேண்டும்? கேட்டேன். "சுத்துற இன்ஜின் இருக்குதுன்னு சொன்னாங்க அண்ணே, பாக்கணும்னு வந்தேன்" என்கிறான். பார்ப்பதற்காக வந்தானாம்.

இங்கிலீஷ்காரன் போலீஸ் இந்த ஊரில் ஆள் வைத்து வேவு பார்க்கிறது என்பது கடற்கரையில் சுண்டல் விற்கிறவனுக்கும் தெரியும். நான் யாரையும் சும்மா சந்தேகப்படுகிறவன் இல்லை. ஆனால் இருபத்தெட்டு வருஷமாகக் கிடங்கு பார்க்கிறேன். ஒரு ஆள் நடந்து வருகிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். தேதி போட்டு எழுதி வைப்போம் என்றுதான் இந்த நோட்டைத் தொடங்கினேன்.

முதலாளி முசே துவாலுக்குத் தமிழ் ஒரு சொல் வராது. கோதண்டத்துக்குப் பிரெஞ்சு வராது. இருவருக்கும் நடுவில் நான்தான் வாய். கிடங்குச் சாவியும் என்னிடம், பேச்சும் என்னிடம்.

பிப்ரவரி 5, விபூதிப் புதன்

காலைப் பூசையில் நெற்றிக்குச் சாம்பல் வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். கோதண்டம் என் நெற்றியைப் பார்த்து, "நீங்களும் நம்மாளா அண்ணே" என்று சந்தோஷப்பட்டான். நான் வேதக்காரன், கிறிஸ்தவன், பெயர் சந்தியாகு என்று சொல்லியும் பாதி நம்பினதாகத்தான் தெரிந்தது.

இன்று இயந்திரம் இருபது நிமிஷம் ஓடியது. இதை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன், ஒருவரும் நம்பவில்லை. மற்ற இயந்திரங்களில் சிலிண்டர் நிற்கும், அச்சு சுழலும். இதில் அச்சு அசையாமல் நிற்க, ஏழு சிலிண்டரும் ராட்டினம்போல அதைச் சுற்றி வருகின்றன. விமானத்தின் மூக்கில் இது சுழலும்போது ஏழு இருப்பதே தெரியாது, ஒரு சாம்பல் வட்டம்தான் தெரியும்.

இதற்கு விளக்கெண்ணெய்தான் போட வேண்டும். பெட்ரோலும் எண்ணெயும் ஒரே வழியாக இயந்திரத்தின் வயிற்றுக்குள் போகின்றன. வேறு எந்த எண்ணெயையும் பெட்ரோல் கரைத்துக் கழுவிவிடும், விளக்கெண்ணெயை அதனால் கரைக்க முடியாது என்று முசே எனக்குப் பத்துத் தடவை சொல்லியிருக்கிறார். அதனால் வில்லியனூரில் ஒரு வாணியர் செக்கில் ஆட்டி வாங்குகிறோம். குடித்த எண்ணெயைப் புகையாக வெளியே துப்புகிறது இந்த இயந்திரம். என் சட்டை, தலை, சாப்பாடு எல்லாம் குழந்தைக்கு மருந்து கொடுத்த வீட்டு வாசனை.

அடுத்த வாரம் விசிறி. மேலே போகப் போகக் காற்று மெலிந்து இயந்திரத்துக்கு மூச்சு முட்டுமாம். அதனால் வயிற்றுக்குள் ஒரு சின்ன விசிறியை வைத்து, பெட்ரோல் ஆவியை அழுத்தி ஊட்டப் போகிறார் முசே. அவருடைய பத்து வருஷத்துக் கனவு அது. கோதண்டம் அந்த விசிறியின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றான் என்று நினைக்கிறீர்கள்? நான் வெற்றிலை போட்டுத் துப்பும் வரை நின்றான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மார்சேயிலிருந்து என் மைத்துனன் இஞ்ஞாசி கடிதம். பிரெஞ்சுச் சேனையில் இருந்துகொண்டே விமானம் ஓட்டக் கற்றவன். முசே துவால் அவனுக்கே எழுதி ஏற்பாடு செய்துவிட்டாராம். ஈஸ்டர் மறுநாள் திங்கட்கிழமை, கவர்னர் துரை முன்னால், விசிறி வைத்த இயந்திரத்தை இஞ்ஞாசிதான் ஓட்டப் போகிறான். முசே என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தாய் செத்தபோது அவனுக்கு மூன்று வயது. என் மனைவி மிக்கேலம்மாள்தான் இடுப்பில் வைத்து வளர்த்தாள். எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை. கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "அந்த இன்ஜினு நடுவுல நின்னுபோனா?" என்று மட்டும் கேட்டாள். நின்றுபோனால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

சாயங்காலம் மாதா கோயிலுக்குப் போய் ஒரு குப்பி மந்திரித்த எண்ணெய் வாங்கி வந்தாள். மாதா சுருபத்துக்கு முன்னால் எரிகிற விளக்கு எண்ணெய். காய்ச்சலுக்கு நெற்றியில் தடவுவோம், பிரசவத்துக்கு வயிற்றில் தடவுவோம். "இத அந்த இன்ஜினுக்கு ஊத்துங்க. தம்பி ஏறப்போற வண்டி" என்றாள்.

பிப்ரவரி 13, வியாழன்

கோதண்டம் விசிறியைப் பொருத்தி முடித்தான். கை சுத்தம், அதைச் சொல்லாவிட்டால் பாவம்.

சோதனைக்கு முன் தொட்டியை நிரப்பினேன். தொட்டி பன்னிரண்டு குப்பி கொள்ளும். மிக்கேலம்மாளின் குப்பியை முதலில் ஊற்றி, மாதாவுக்கு அருள்நிறை மந்திரம் ஒன்று சொல்லி, மேலே பதினொரு குப்பி விளக்கெண்ணெய் விட்டேன். கிடங்குக் கணக்குப் புத்தகத்தில் பன்னிரண்டு என்றே எழுதினேன். மந்திரித்த பொருள் கிடங்குச் சரக்கு இல்லை.

ஒன்பது நிமிஷம் ஓடியது. பிறகு முனகி, இறுகி, நின்றது. நின்றதும் கோதண்டம் சிலிண்டர்களை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தான். இயந்திரத்தை மோந்து பார்க்கிற ஃபிட்டரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மிக்கேலம்மாளுக்குச் செய்தி எப்படியோ எட்டிவிட்டது. இன்னும் இரண்டு குப்பி வாங்கி வந்திருக்கிறாள்.

பிப்ரவரி 20, வியாழன்

பிஸ்டன் மாற்றி மறு சோதனை. இரண்டு குப்பி மந்திரித்தது, பத்துக் குப்பி விளக்கெண்ணெய். ஆறு நிமிஷம்.

முசே விசிறியின் பல்சக்கரத்தைக் குறை சொல்லுகிறார். அதைப் பொருத்தினவன் யார் என்று நான் நினைவுபடுத்தினேன். முசே என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் காதில் போட்டுக்கொண்டார். விசிறி இல்லாதபோது இருபது நிமிஷம் ஓடிய இயந்திரம், கோதண்டம் விசிறியைத் தொட்ட நாளிலிருந்து பத்து நிமிஷத்தைத் தாண்டவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

பிப்ரவரி 22, சனி

கோதண்டம் கிடங்கு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, தொட்டியில மிஞ்சின எண்ணெய் கொஞ்சம் குடுங்க."

"எதுக்கு?"

"சும்மா, பாக்கத்தான்."

"இந்த எண்ணெயை யார்கிட்ட வாங்குறோம்?" என்று வேறு கேட்டான். வில்லியனூர் வாணியர் பெயரைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் ஏன் சொன்னோம் என்று தோன்றியது. எண்ணெயைக் கொடுக்கவில்லை. அரை மணி கழித்துப் பார்த்தால் தொட்டியின் அடிக்குழாயில் தானே ஒரு சின்னக் குப்பியில் பிடித்துக்கொண்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும் சிரித்தான். களவு செய்கிறவன் சிரிக்க மாட்டான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

பிப்ரவரி 26, புதன்

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவன் பின்னால் போனேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய ஆள் இவன்.

நேராக மருந்துக்கடைக்குப் போய் ஒரு குப்பி ஸ்பிரிட் வாங்கினான். குடிக்கத்தான் என்று நினைத்தேன். பட்டறைக்குப் பின்புறம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, சின்னக் குப்பிகளில் இருந்த எண்ணெயில் ஸ்பிரிட்டை ஊற்றிக் குலுக்கினான். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். கலங்கல், சோறு வடித்த கஞ்சி நிறம். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டான். சாப்பிடக்கூட இல்லை. ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதினான்.

யாருக்காக எழுதுகிறான் என்பதுதான் கேள்வி.

மார்ச் 1, சனி

மழை இல்லை. மிக்கேலம்மாளுக்குத் தலைவலி. கோதண்டம் என்னைப் பார்க்கும்போது பார்வையைத் தாழ்த்துகிறான்.

மார்ச் 4, செவ்வாய்

அவன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அச்சு கடைந்துகொண்டிருந்தபோது நோட்டைப் பார்த்தேன். தப்புத்தான், ஆனால் நிறுவனத்தின் நன்மைக்காக. ஒவ்வொரு சோதனைத் தேதியும் இருக்கிறது. ஒன்பது நிமிஷம், ஆறு நிமிஷம் என்று இருக்கிறது. 20ஆம் தேதிக்கு எதிரில் 'கலங்கல்' என்று இருக்கிறது. வேறொரு பக்கத்தில் ஒரே வரி: 'செக்கில் கேட்கணும்.' சங்கேத எழுத்து. வேவு பார்க்கிறவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள் என்று ரங்கப்பிள்ளை வீதியில் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

நாலு நிமிஷம். இந்தத் தடவை மூன்று குப்பி ஊற்றியிருந்தேன். மிக்கேலம்மாள் ஒன்பது நாள் நவநாள் ஜெபம் சொல்லி வாங்கி வந்தது. அதையும் மீறி நிற்கிறதென்றால் கெட்ட கை எவ்வளவு பலமாக வேலை செய்கிறது என்று யோசித்துக்கொள்ளலாம்.

இரண்டு பிஸ்டன் தீய்ந்து கருத்துவிட்டன. முசே அவற்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விசிறியால்தான் சூடு ஏறுகிறது. எடுத்துவிடலாமா சந்தியாகு?" என்று என்னைக் கேட்டார். பத்து வருஷக் கனவை எடுத்துவிடலாமா என்று ஒரு கிடங்குக்காரனைக் கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டார். "விசிறியில் குற்றம் இல்லை முசே, ஆளில் இருக்கிறது" என்றேன். எண்ணெய் எடுத்தது, ஸ்பிரிட், நோட்டு எல்லாம் சொன்னேன். முசே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்.

மார்ச் 8, சனி

கோதண்டம் லீவு கேட்டு வில்லியனூர் போனான். வாணியர் செக்கில் ஒரு குப்பி எண்ணெய் வாங்கினானாம். வண்டிக்காரன் சொன்னது. முசேயிடம் அதையும் சொல்லி வைத்தேன்.

மார்ச் 10, திங்கள்

மத்தியானம் கிடங்குக்கு வந்தான். கதவை ஒருக்களித்துச் சாத்தினான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கிடங்குச் சாவி உங்ககிட்ட மட்டும்தான் இருக்குதா?"

"என்னைத் தவிர யார்கிட்ட இருக்கும்?"

"செக்குல எண்ணெய் சுத்தமா இருக்குது. பாத்துட்டேன். நம்ம தொட்டிக்கு வந்தப்புறம்தான்..." என்று நிறுத்தினான். "தொரைகிட்ட போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட தனியா ஒண்ணு பேசணும். சாயங்காலம் வேலை முடிஞ்சதும் பேசலாமா?"

ஆகட்டும் என்றேன். அவன் போனதும் பார்த்தால் என் கையில் வேர்வை. எதற்கு வேர்க்க வேண்டும்? நான் ஒரு துளி எண்ணெய் வீட்டுக்கு எடுத்துப்போனவன் இல்லை. கொண்டுவந்து ஊற்றியவன். சாயங்காலம் வரை காத்திருக்கவில்லை. மூன்று மணிக்கே முசேயிடம் போய், இந்த ஆள் என்னையே மிரட்டுகிறான், சாவி கேட்கிறான் என்று சொன்னேன். சாவியைப் பற்றிக் கேட்டான் என்பது உண்மைதானே.

மார்ச் 11, செவ்வாய்

கோதண்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

முசே கோதண்டத்தின் நோட்டை வாங்கி மேஜைமேல் வைத்து விளக்கம் கேட்டார். கோதண்டம் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னான், நான் பிரெஞ்சில் சொன்னேன். முறையாகத்தான் நடந்தது. எண்ணெய் எடுத்தாயா, எடுத்தேன். ஸ்பிரிட் வாங்கினாயா, வாங்கினேன். சொல்லாமல் செய்தாயா, ஆமாம், நிச்சயமாகத் தெரியாமல் ஒருவர்மேல் பழி சொல்லக்கூடாது என்றுதான். இவ்வளவையும் சொல்லுக்குச் சொல் சொன்னேன்.

கடைசியில் அவன் நீளமாகப் பேசினான். விளக்கெண்ணெய் ஸ்பிரிட்டில் கலந்தால் தண்ணீர்போலத் தெளிந்துவிடும், வேறு எண்ணெய் சேர்ந்திருந்தால் கலங்கும், தொட்டியில் வேறு எண்ணெய் சேருகிறது, வரவர நிறையச் சேருகிறது, ஒவ்வொரு தடவையும் ஓடுகிற நேரம் குறைவது அதனால்தான், விசிறி வைத்த பிறகு சூடு கூடுதலாக இருப்பதால் தாங்கவில்லை, யாரோ தெரியாமல் செய்கிறார்கள் என்று. அவசரமாகப் பேசினான். சில வார்த்தைகளுக்குச் சரியான பிரெஞ்சு எனக்கு வரவில்லை.

"என்ன சொல்கிறான்?" என்றார் முசே.

"எண்ணெயைப் பற்றி ஏதோ சாக்குச் சொல்கிறான்" என்றேன்.

கோதண்டம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு நீளமாகச் சொன்னது இவ்வளவு சின்னதாக ஆகிவிட்டதே என்று நினைத்திருப்பான். பிரெஞ்சு சுருக்கமான பாஷை.

மார்ச் 12, புதன்

நான் இல்லாத நேரத்தில் கோதண்டம் வீட்டுக்கு வந்திருக்கிறான். உள்ளே வரவில்லையாம். இரண்டு சின்னக் குப்பிகளை மிக்கேலம்மாளிடம் கொடுத்து, "அண்ணன்கிட்ட குடுங்க அக்கா. ஓட்டப்போறது உங்க தம்பின்னு இன்னைக்குத்தான் சொன்னாங்க. தெரிஞ்சிருந்தா நான் தனியா பேசணும்னு நாள் கடத்தியிருக்க மாட்டேன்" என்றானாம். ஒன்றில் 'செக்கு' என்றும் மற்றதில் 'தொட்டி' என்றும் காகிதம் ஒட்டியிருக்கிறது.

"நல்ல மனுசனாத் தெரியுது. எதுக்கு வேலைய விட்டுப் போறாரு?" என்கிறாள். மதராஸில் வேறு வேலை கிடைத்துவிட்டது என்றேன். குப்பிகளை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். விஷமாகக்கூட இருக்கலாம்.

மார்ச் 15, சனி

இஞ்ஞாசி வந்துவிட்டான். கப்பலிலிருந்து படகில் கடல் பாலத்துக்கு வந்து ஏறும்போதே "மாமா" என்று கத்தினான். மீசை வைத்திருக்கிறான். மிக்கேலம்மாள் அவன் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். தவக்காலம் என்பதையும் மறந்து கறி எடுக்கச் சொன்னாள். நான்தான் தடுத்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

இஞ்ஞாசி பார்க்கச் சோதனை. கோதண்டம் போய் ஒரு வாரமாகிறது, இனி ஓடும் என்று முசேக்கும் எனக்கும் நம்பிக்கை. மூன்று குப்பி ஊற்றினேன்.

நாலே கால் நிமிஷம்.

"போகிறதுக்கு முன் எதையோ தளர்த்திவிட்டுப் போயிருக்கிறான்" என்றார் முசே. நானும் அப்படித்தான் இருக்கும் என்றேன். இஞ்ஞாசி இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றான். வீட்டுக்கு நடக்கும்போதுதான் பேசினான்.

"நாலு நிமிஷத்துல நான் பனைமர உயரத்துல இருப்பேன் மாமா. முன்னால கடல். அங்க நின்னுச்சுன்னா திரும்பவும் முடியாது, இறங்கவும் முடியாது."

"அப்ப வேணாம்னு சொல்லிடேன்."

"கையெழுத்துப் போட்டாச்சு. நான் பயந்துட்டேன்னு அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை. ஆனால் அவள் கண்டுபிடித்துவிட்டாள். அவன் சாப்பிடுவதைப் பார்த்தே அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமைக்காக நாலு குப்பி கேட்டு வைத்திருக்கிறாளாம்.

மார்ச் 20, பெரிய வியாழன்

பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபம், மனைவியிடம் கடுஞ்சொல், தவக்காலத்தில் இரண்டு தடவை உபவாச நேரம் முடியும் முன்பே சாப்பிட்டது. சாமியார் "வேறு ஏதாவது?" என்று கேட்டார். இல்லை என்றேன். மொழிபெயர்ப்பில் விட்டுப்போனதைப் பாவம் என்று எந்தப் பூசைப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

மார்ச் 21, பெரிய வெள்ளி

பட்டறை இல்லை. மிக்கேலம்மாளும் இஞ்ஞாசியும் சிலுவைப்பாதைக்குப் போயிருந்தார்கள். எனக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன்.

நேற்று ஸ்பிரிட் வாங்கி வைத்திருந்தேன். ஏன் வாங்கினேன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. கோதண்டம் கொடுத்த 'செக்கு' குப்பியில் பாதி ஸ்பிரிட் ஊற்றிக் குலுக்கினேன். தெளிந்துவிட்டது. ஜன்னல் கம்பி அதனூடே தெரிந்தது. 'தொட்டி' குப்பியில் ஊற்றினேன். கஞ்சி. சரி, அவனே ஏதாவது கலந்திருப்பான் என்று சொல்லிக்கொண்டேன். கிடங்குக்குப் போய் நானே தொட்டியிலிருந்து பிடித்து வந்தேன். கஞ்சி. செக்கிலிருந்து வந்த பீப்பாயிலிருந்து பிடித்தேன். தெளிவு.

அப்புறம் அலமாரியில் திங்கட்கிழமைக்காக நின்ற நாலு குப்பிகளில் ஒன்றைத் திறந்தேன். ஒரு கரண்டிதான் ஊற்றினேன். அது ஸ்பிரிட்டில் கலக்கவே இல்லை. மஞ்சளாக அடியில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டது. முகர்ந்து பார்த்தேன். மல்லாட்டை எண்ணெய், வேர்க்கடலையில் ஆட்டினது. இந்த ஊரில் எல்லா விளக்கிலும் எரிகிறதும், எல்லா வீட்டிலும் தாளிக்கிறதும், கப்பல் கப்பலாக ஏற்றுமதியாகிறதும் அதுதான். மாதா கோயில் விளக்கில் மட்டும் வேறென்ன இருக்கும்? இருபத்தெட்டு வருஷம் கிடங்கு பார்த்தவன் நான். எனக்கு இது தெரியாதா? தெரியும். அதை எண்ணெய் என்று நான் நினைக்கவே இல்லை.

ஒரு குப்பி, ஒன்பது நிமிஷம். இரண்டு, ஆறு. மூன்று, நாலு. திங்கட்கிழமை நாலு குப்பி ஊற்றியிருப்பேன். ஜெபம் சொல்லி ஊற்றியிருப்பேன்.

இருவரும் திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, வயிற்றுவலி நிஜம்தான் என்று மிக்கேலம்மாள் கஷாயம் போட்டாள். குடித்தேன்.

மார்ச் 22, சனி

விடிந்ததும் பட்டறை. தொட்டியைக் கவிழ்த்து, ஸ்பிரிட்டும் துணியும் போட்டு நாலு தடவை துடைத்தேன். குழாய்களைக் கழற்றி ஊதினேன். பீப்பாயிலிருந்து பன்னிரண்டு குப்பி. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டெடுத்துச் சோதித்த பிறகுதான் ஊற்றினேன்.

வடித்த எண்ணெயை என்ன செய்வது? மந்திரித்ததைக் கால் படுகிற மண்ணில் கொட்டக்கூடாது. கோயிலுக்கு எடுத்துப் போனேன். பெரிய வெள்ளிக்கு அணைத்த விளக்குகளை மறுபடி ஏற்றுகிற நேரம். கோயில்பிள்ளை சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

நான் தொட்டியைத் துடைத்ததற்கு அடையாளமாகத் துணிகள் கிடந்தன. முசே கேட்டார். "எண்ணெயில் வேறு எண்ணெய் கலந்திருந்தது முசே. மாற்றிவிட்டேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மீதியையும் சொல்லத்தான் வாய் திறந்தேன். அதற்குள் அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"எண்ணெயிலா கை வைத்தான், அந்தப் பாவி. அதனால்தான் குப்பியில் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான், கலந்தது போதுமா என்று. சந்தியாகு, உம் கண்தான் கண்."

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. புதுப் பிஸ்டன் போட்டு வைத்திருந்த இயந்திரத்தை இஞ்ஞாசி சுற்றி விட்டான். இருபத்தைந்து நிமிஷம் ஓடியது. முசே தாமே நிறுத்தச் சொல்லும்வரை ஓடியது. அந்த விசிறியின் ஊளை, காது அடைத்த பிறகும் கேட்கிறது. முசே அழுதார்.

மார்ச் 24, திங்கள்

நாலு குப்பியையும் ஊற்றிவிட்டேன் என்று மிக்கேலம்மாளிடம் சொன்னேன்.

அரியாங்குப்பம் ஆற்றுக்கு இந்தப் பக்கம் மணல் திடலில் ஊரே கூடியிருந்தது. கவர்னர் துரைக்குப் பந்தல். இஞ்ஞாசி ஏறும்போது அக்காவைப் பார்த்துக் கை காட்டினான். மணலைக் கிளப்பிக்கொண்டு ஓடி, எழும்பி, கடல் பக்கம் போனது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது நிமிஷம் வந்தது. மிக்கேலம்மாள் என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். இஞ்ஞாசி கடல்மேல் வளைந்து திரும்பினான். ஐந்து. ஒன்பது. பதினோராவது நிமிஷத்தில் இறங்கினான். முகமெல்லாம் விளக்கெண்ணெய், பல் மட்டும் வெள்ளை.

மிக்கேலம்மாள் மணலில் முழந்தாளிட்டாள். மாதா எண்ணெய் காப்பாற்றியது என்று பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் சொன்னாள். முசே கவர்னர் துரையிடம், மதராஸ் வேவுகாரன் ஒருவனால் வந்த சங்கடங்களையும், அவன் போன பிறகு இயந்திரம் பழுதில்லாமல் ஓடுவதையும் சொன்னார். பக்கத்தில் நின்றேன். கவர்னர் துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மார்ச் 29, சனி

மதராஸிலிருந்து முசேக்குக் கடிதம். கோதண்டம் மறுபடி ரயில் பட்டறையில் வேலை கேட்டிருக்கிறானாம். அவன் நடத்தை எப்படி என்று எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.

முசே பதில் எழுதி என்னிடம் நீட்டினார். நேரில் பார்த்தவன் என்று நானும் கீழே கையெழுத்துப் போட வேண்டுமாம். மேஜைக்கு எதிரில் நின்றுகொண்டே படித்தேன். 'மேற்படி நபர் வேலையில் இருந்த காலத்தில் இயந்திரம் மூன்று முறை ஓடும்போதே நின்றது. அவர் தொட்டியிலிருந்து எண்ணெயை அனுமதியில்லாமல் எடுத்தார். எண்ணெய் ஆட்டும் இடத்துக்குத் தனியாகப் போய் வந்தார். கிடங்குச் சாவியைப் பற்றி விசாரித்தார். அவர் போன பிறகு தொட்டியில் வேறு எண்ணெய் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அதை அகற்றிய பிறகு இயந்திரம் ஒரு தடவையும் நிற்கவில்லை.'

முசே பேனாவை நீட்டினார். இன்னொரு முறை படிக்கிறேன் என்றேன். அதன் பிறகும் இரண்டு முறை படித்தேன், வார்த்தை வார்த்தையாக, விரல் வைத்து. ஒரே ஒரு பொய் அகப்பட்டிருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.